கோட்டுத் தோளில் ஏலக்காய்

என் சகலைக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் வயிறெரிந்த கதையைச் சொல்லும்போது, அந்த அடுப்பை மூட்டியது யார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

மதுரையில் கோட்டு தைக்கிற ஒரு கடையில் நானும் அவனும் ஆறு வருடம் எதிரெதிர் மிஷினில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். துணி வெட்டுவதில் என் கை ஒரு படி மேல், இஸ்திரி போடுவதில் அவன் கை ஒரு படி மேல் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் கிடையாது. தொண்ணூற்றாறில் நான் கம்பத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். அடுத்த வருடம் என் மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை தேடினார்கள். குடிக்காத பையன், கையில் தொழில் இருக்கிறது, அதிர்ந்து பேச மாட்டான் என்று நான்தான் மாமனாரிடம் போய்ச் சொன்னேன். மாமனார் அதிகம் விசாரிக்கவில்லை. மூத்த மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவன் துபாய்க்குப் போனான். அங்கே ஒரு பெரிய தையல் கடையில் வேலை. அவன் இல்லாத அந்த ஐந்து வருடம் என் வாழ்க்கையின் நல்ல காலம். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர் வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குக் கோட்டு வேண்டும், கோட்டு என்றால் என் கடை. எங்கள் ஆட்களும் வரவேற்புக்குக் கோட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள். கல்யாண சீசனில் என் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. மாமனார் வீட்டுக்குப் போனால் எனக்குத்தான் முதல் இலை, சின்ன மாப்பிள்ளையைப் பற்றி ‘பாவம், தூர தேசத்துல கெடக்காக’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாயிரத்து நாலில் அவன் திரும்பி வந்தான். எல்லோருக்கும் ஏதோ ஒன்று கொண்டுவந்திருந்தான். எனக்கு ஒரு பெட்டி நிறைய டெய்லர் சாக்பீஸ், கோடு போட்டால் மயிரிழை மாதிரி விழும், துணியில் தட்டினால் தடமில்லாமல் போய்விடும். இன்னொருவன் கொடுத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் தனக்கென்று வைத்துக்கொண்ட சாமானைப் பார்த்த பிறகு, எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது போல சாக்பீஸ் கொடுத்திருக்கிறானே என்றுதான் தோன்றியது.

அது ஒரு சென்ட் பாட்டில். அட்டைப்பெட்டி சாம்பல் நிறத்தில், மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு, கோட்டுத் துணியையே வெட்டி ஒட்டியது மாதிரி இருந்தது. பாட்டில் கனமான சதுரக் கண்ணாடி. மூடி நாலு துளை போட்ட கோட்டுப் பொத்தான் போல. என் மச்சினன், மாமனாருக்கு ஒரே பையன், கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவன், பெட்டியில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டாமல் படித்துச் சொன்னான். நேர்த்தியாகத் தைத்த கோட்டை மனதில் வைத்துச் செய்த வாசனை, ஆண்களுக்கானது, பல வருடமாக வெள்ளைக்காரர்கள் போடுவது என்று அர்த்தமாம். படித்துவிட்டுத் தன் சொந்தச் சரக்கையும் ஒரு வரி சேர்த்தான்.

“அங்கன எல்லாம் நல்ல டெய்லருக கோட்டக் குடுக்கும்போது இதத்தான் அடிச்சுக் குடுப்பாக போல.”

அந்த ஒரு வரிதான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. பெட்டியில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் ஊர் முழுக்க அப்படித்தான் பரவியது. சட்டைக்கு இஸ்திரி மாதிரி கோட்டுக்கு இந்த சென்ட். வெளிநாட்டில் தையல் படித்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். அதற்குப் பெயரே டெய்லர் சென்ட். சகலை என் கடைக்கு நாலு கடை தள்ளிக் கடை போட்டான். கோட்டை வாங்க வருகிறவர்களின் உள்பாக்கெட்டுக்குள் ஒரே ஒரு முறை அடித்துக் கொடுப்பான். பாட்டில் தீரத் தீர துபாயில் இருந்த கூட்டாளி யார் கையிலாவது கொடுத்தனுப்பினான். ஊர் சொன்னதை இவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது.

என் வாடிக்கையாளர்களே என்னிடம் வந்து, ஒங்ககிட்ட டெய்லர் சென்ட் கெடையாதா என்று கேட்டார்கள். தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாட்டில் வாங்கி நானும் அடித்துப் பார்த்தேன். அது உள்துணியில் மஞ்சளாகத் திட்டு விழுந்தது. போட்டுப் பார்த்தவர், ஊதுபத்திக் கடைக்குள் போய்வந்தது போல இருக்கிறது என்று கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் கேட்கிறேன், நன்றாகத் தைத்த கோட்டுக்கு என்ன வாசனை? கடைக்கு வந்து முகர்ந்து பாருங்கள். மிஷின் எண்ணெய் வாசம் இருக்கும். ஈரத்துணி போட்டுத் தேய்க்கும்போது கம்பளியில் இருந்து ஒரு ஆவி வரும், நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி. இஸ்திரிப் பெட்டிக் கரியின் புகை, சாக்பீஸ் தூள், பட்டையை விறைப்பாக நிறுத்துகிற பக்ரம் துணியின் கஞ்சி. அப்புறம் தைக்கிறவனின் வியர்வை. கழுத்துப் பட்டைக்கு அடியில் கையால் நூறு ஊசி குத்தும்போது அவன் மூக்கு அந்தத் துணியில் இருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கிறது. இதை எவன் பாட்டிலில் அடைத்தான்? கோட்டு தைக்கத் தெரியாத ஒருவன் கோட்டின் பெயரைச் சொல்லி வாசனை விற்கிறான், கோட்டு தைக்கிற நான் வாசனை இல்லை என்று வியாபாரத்தை இழக்கிறேன். நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் கடைக்குள் போனேன். பேச வந்தவன் போலத்தான் போனேன். மேசையில் பாட்டில் இருந்தது. ஒரு பிட்டுத் துணியில் அடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அன்று முழுக்க வேலையை விட்டு அதைத்தான் எடுத்து எடுத்து முகர்ந்தேன். முதலில் வந்தது ஏலக்காய். சந்தேகமே இல்லை. குமுளியில் இருந்து மூட்டை இறக்குகிற வண்டி பக்கத்தில் நின்றால் வருமே, அதே ஏலக்காய். மலைக்கு வேலைக்குப் போய்விட்டு ஜீப்பில் திரும்புகிற பெண்கள் சேலையில் வருமே, அதே வாசம். இதற்குத்தானா இத்தனை ஆட்டம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சவரக் கடையில் முகத்தில் தடவிவிடுவது போல ஒரு குளிர்ச்சி. அதன்பிறகு காய்ந்த மரம். சாயங்காலம் கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்தது. லேசாக, சூடாக, இஸ்திரி போட்டு இறக்கிய கம்பளித் துணி.

அந்தக் கடைசி வாசம் உண்மையானது. அதைச் செய்தவன் எங்கேயோ ஒரு தையல் கடையில் நின்று முகர்ந்திருக்கிறான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி சட்டையை வாங்கி மாட்டப் போனவள் நின்றாள். “என்னங்க, ஒங்க மேல தங்கச்சி வீட்டுக்காரக வாசம் அடிக்குது?” என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள். நான் பிட்டுத் துணியை அடுப்பில் போட்டேன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு நல்ல நாளும் வந்தது. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், மகன் கல்யாணத்துக்குச் சகலையிடம் தைத்த கோட்டோடு என் கடைக்கு வந்தார். கை கொஞ்சம் நீளம், சகலை வெளியூர் போயிருக்கிறான், நாளைக்குக் கல்யாணம். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கோட்டை உள்ளே எடுத்துப் போனேன். கையைக் குறைக்க உள்துணியைப் பிரித்தால் போதும். நான் மார்புப் பக்கத்தையும் ஒரு சாண் பிரித்தேன். உள்ளே, நாங்கள் கையால் ஊசி குத்திப் பிடிக்கிற கேன்வாஸ் இல்லை. சூடு வைத்தால் பசை உருகி ஒட்டிக்கொள்கிற கேன்வாஸ். ஒட்டு வேலை! எனக்குக் கோட்டோடு சேர்ந்து ஆட வேண்டும் போல இருந்தது.

கையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, திராட்சைக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். என் கோட்டில் இந்த இடத்தில் மட்டும் ஒரு நாள் முழுக்க ஊசி வேலை இருக்கிறது, இதில் எல்லாம் பசை, நாலு தடவை துவைத்தால் கொப்புளம் போடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

“உள்ள கெடக்குறது யாருக்குங்க தெரியப் போகுது? போட்டா மணக்குதுல்ல” என்றார்.

மச்சினனுக்குக் கல்யாணம் நிச்சயமானது அதற்கு அடுத்த வருடம். பெண் தேனி. பழனிசெட்டிபட்டியில் மண்டபம், முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. அந்தக் கோட்டை யார் தைப்பது என்பதுதான் வீட்டில் பேச்சு. இரண்டு மாப்பிள்ளைகளும் கோட்டு தைக்கிறவர்கள், ஒரே பையன், ஒரே கோட்டு. அக்காவும் தங்கையும் அதுவரை ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்தவர்கள், அந்த ஒரு மாதம் போனில்கூட ‘சாப்பிட்டியா’ என்பதோடு வைத்துவிட்டார்கள். எனக்கோ இதைவிட்டால் வேறு வழியில்லை. தேனி, கம்பம், உத்தமபாளையம் மூன்று ஊர் சனமும் அந்த மேடையைப் பார்க்கும். மாமனார் வீட்டு மாப்பிள்ளைக் கோட்டே என் கையில் இருந்து போய்விட்டால், கடைப் பலகையை நானே கழற்றிவிடலாம்.

மச்சினன் மனதில் சகலைதான் இருந்தான், எனக்குத் தெரியும். மாமனார்தான் பஞ்சாயத்து பண்ணினார். அவர் இளமையில் மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர், காயைத் தரம் பிரிப்பது மாதிரி எதையும் சல்லடையில் போட்டுப் பிரித்துவிடுவார்.

“கோட்டு மூத்த மாப்ள தைக்கட்டும், அதுதான் மொற. சின்ன மாப்ள வந்து அந்தச் சென்ட்ட அடிச்சு விடட்டும். ரெண்டு பேரு கையும் பட்ட மாதிரி இருக்கும்” என்றார்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. சகலையும் தலையாட்டினான். எனக்கு மட்டும் கோபம் உச்சியில் ஏறியது. இருபது நாள் உட்கார்ந்து நான் தைப்பேன், இவன் கடைசியில் வந்து ஒருமுறை ‘புஸ்’ என்று அடிப்பான், மணக்கிறதே, துபாய்க்காரர் தைத்ததா என்று ஊர் கேட்கும். கோட்டை என்னிடம் கொடுத்தது கொடுக்காமல் இருந்ததைவிட மோசம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் கோட்டுக்கு அவன் சென்ட் தேவைப்படக் கூடாது. அதற்குள்ளேயே வாசனை இருக்க வேண்டும். அவன் பாட்டிலில் என்ன இருந்தது? ஏலக்காய். ஏலக்காய்க்கு நான் எதற்குத் துபாய் போக வேண்டும்?

எட்டு எம்எம் காய் வாங்கினேன். அதுதான் இருப்பதிலேயே பெரிய காய், பச்சை கலையாதது. தோலை உரித்து, உள்ளே இருக்கும் ஏலரிசியை ஒன்றிரண்டாகத் தட்டி, மஸ்லின் துணியில் சின்னச் சின்னப் பொட்டணமாகத் தைத்தேன். கோட்டின் தோளுக்குள் வைக்கும் பஞ்சு மெத்தையை நான் கடையில் வாங்குவதில்லை, நானே அடுக்கித் தைப்பேன். அந்தப் பஞ்சு அடுக்குக்கு நடுவில் பொட்டணங்களை வைத்து மூடினேன். மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்ததும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசம், தெருவில் போனவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு தோள் நான் தைத்ததில்லை. போட்டுப் பார்த்தபோது மச்சினனும் கொஞ்ச நேரம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. என்ன மச்சான், நீங்களும் சென்ட் அடிக்க ஆரம்பிச்சுட்டீகளா என்று கேட்டான். இல்லை, நல்ல கோட்டுக்கு அதுவாக வரும் என்றேன்.

வரவேற்பன்று மதியத்தில் இருந்தே புழுக்கம். மண்டபத்தில் மேடை மேல் வீடியோக்காரர் இரண்டு பெரிய விளக்கைக் கட்டியிருந்தார். சகலை மணமகன் அறைக்கு வந்து, சொன்னபடி உள்பாக்கெட்டில் ஒருமுறை அடித்தான். அடித்தவன் மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மேடையில் நின்ற கால் மணி நேரத்தில் மச்சினனுக்கு வேர்த்தது. வேர்வையும் விளக்கின் சூடும் தோளில் இறங்க இறங்க, உள்ளே இருந்த ஏலக்காய் விழித்துக்கொண்டது. வாழ்த்த வந்தவர்கள் கைகொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள். சிலர் திரும்பிச் சாப்பாட்டுக்கூடம் எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். பெண்ணின் சின்னம்மா ஒருத்தி மேடைக்கு வந்தாள். நெற்றியில் திருநீறு பூசக் கையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்தி, அவன் தோளை உற்றுப் பார்த்தாள்.

“ஆத்தா, மாப்பிள்ள மேல யாரோ பாயசத்தக் கொட்டிட்டாக” என்றாள்.

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவள் நல்ல மனதோடு முந்தானையை நனைத்து அவன் வலது தோளைத் துடைக்க ஆரம்பித்தாள். நனைந்ததும் வாசம் இரட்டிப்பாகிவிட்டது. மச்சினனின் வலது பக்கம் நின்ற மணப்பெண் ஒன்று, இரண்டு, மூன்று என்று தும்மினாள். வாழ்க்கையின் முதல் கோட்டுக்குள் நின்ற அந்தப் பையன் முகம் சிவந்துபோய்க் கூட்டத்துக்குள் யாரையோ தேடினான். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். மாமனார் மேடை ஏறி, மகன் தோளில் மூக்கை வைத்து ஒருமுறை இழுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு முடிந்தது என்று தெரிந்தது. அவர் காயின் தரத்தையே சொல்லிவிடுவார்.

“இது சென்ட் இல்லப்பா. நெசக் காயி” என்றார். என்னைத் தேடித் திரும்பினார்.

சகலை அதற்குள் மேடையில் இருந்தான். கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கினான். வாங்கும்போது அவன் கட்டைவிரல் தோளை ஒருமுறை அழுத்தியதை நான் பார்த்தேன். தையல்காரன் விரல் அது, உள்ளே பஞ்சைத் தவிர என்ன இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். இப்போது சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். சொன்னால் நல்லது என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவனை வெறுப்பதற்கு அதன்பிறகு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

“என் தப்பு மாமா. புதுப் பாட்டிலு, ஏலக்கா கூடுன சரக்கு. தெரியாம ரெண்டு தடவ அடிச்சுட்டேன். அஞ்சு நிமிசத்துல சரி பண்ணிக் கொண்டாறேன்” என்றான் சகலை.

கூட்டம் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனது. மாமனார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அறைக்குள் நான் போனபோது அவன் கட்டிலில் கோட்டை விரித்து, வலது தோளின் உள்துணியைப் பிரித்துப் பொட்டணங்களை எடுத்துக்கொண்டிருந்தான். ஊசியும் நூலும் அவன் சட்டைப் பையிலேயே இருக்கும், மதுரைப் பழக்கம். எனக்கும் இருக்கும், ஆனால் அன்று நான் கையை நீட்டவில்லை. பொண்ணு நிக்கிற பக்கம் மட்டும் எடுத்தாப் போதும், மறுபக்கம் இருக்கட்டும், போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றான். நாலே நிமிடம். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தான். கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவன் வாசலில் நின்றான்.

“இந்தத் தோளு எனக்கு இன்னும் வரமாட்டேங்குதுண்ணே. அதான் நான் சென்ட்ட அடிச்சு ஒப்பேத்துறேன்.”

அவன் போன பிறகு நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் பொட்டணங்கள் கிடந்தன. அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு அவமானம் மட்டும்தான். இப்போது அவமானமும் இருந்தது, அவனுக்கு நல்ல பெயரும் இருந்தது. தப்பை ஒத்துக்கொண்ட சின்ன மாப்பிள்ளையின் பெருந்தன்மையைப் பந்தியில் பேசிக்கொண்டார்கள். நான் செய்த தப்புக்குக்கூட மரியாதை அவனுக்குத்தான் போனது. ஆனால் கடைசியாக அவன் சொன்னதை மட்டும் நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தோள் அவனுக்கு வராது. அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அடுத்த நாலு வருடம் அவன் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் போனேன். சென்ட் வாசம் அடிக்கும், அடிக்கட்டும், ஒப்பேற்றுகிறான் என்று சொல்லிக்கொள்வேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் மச்சினன் அந்தக் கோட்டை என் கடைக்கு எடுத்துவந்தான். உடம்பு போட்டிருந்தான். வங்கியில் ஏதோ விழா, இடுப்பில் ஒன்றரை இஞ்ச் கூட்ட வேண்டும். வைத்துவிட்டுப் போ என்றேன்.

அவன் போனதும் கோட்டைத் திருப்பி உள்துணியின் தோள் பக்கத்தைப் பார்த்தேன். அன்று மண்டபத்தில் சகலை அவசரத்தில் நாலு நிமிடத்தில் போட்ட தையல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். எந்தப் பக்கத்தைப் பிரித்தான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. எது நான் தைத்த தோள், எது அவன் தைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். இடது பக்கம் பொட்டணம் தட்டுப்பட்டது. அப்படியென்றால் வலதுதான் அவனுடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் வைத்துத் தையல்களை எண்ணினேன். ஒரு இஞ்சுக்குள் என் ஊசி ஒன்பது முறை இறங்கியிருந்தது. அவன் ஊசி பதினொன்று. ஒரு ஓரம் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சை மறுபடி அடுக்கியிருந்தான், பொட்டணம் எடுத்த பள்ளம் தெரியாமல். நான் அடுக்குகிற மாதிரிதான், ஆனால் என்னைவிடச் சீராக.

தோள் வராது என்றானே, அது பொய். எனக்காகச் சொன்ன பொய். அவனுக்கு எல்லாம் வரும். பசை வைத்து ஒட்டினால் போதும் என்று ஊர் இருக்கும்போது, ஒட்டிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். நாலு வருடம் நான் எதைத் தூக்கிக்கொண்டு நடந்தேனோ அது அவன் போட்ட பிச்சை.

இடுப்பில் கூட்ட வேண்டியதைக் கூட்டினேன். தோளைத் தொட எந்த அவசியமும் இல்லை. ஆனாலும் வலது தோளில் அவன் போட்ட தையலை ஒன்று விடாமல் உருவி எடுத்தேன். பஞ்சைக் கலைத்து நானே அடுக்கி, நானே தைத்தேன். இஞ்சுக்குப் பன்னிரண்டு வர வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன்.

மச்சினன் வந்து போட்டுப் பார்த்தான். கண்ணாடி முன்னால் தோளை இரண்டு முறை உயர்த்தி இறக்கினான். “இடுப்பு சரியா இருக்கு மச்சான். வலது தோளுதான் என்னமோ தூக்கிக்கிட்டு நிக்குது. முன்ன இப்பிடி இல்லையே” என்றான். உடம்பு போட்டதால் அப்படி இருக்கும் என்றேன். அவன் நேராக நாலு கடை தள்ளிப் போனதை என் கடைப் படியில் நின்று பார்த்தேன். சகலை அதைப் பிரித்திருப்பான். தன்னுடைய பதினொன்றின் ஊசித் தடத்துக்கு மேலேயே என்னுடைய பன்னிரண்டு நெருக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பான். எதற்குச் செய்தேன் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. என்னிடம் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

விழா முடிந்த வாரம் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது கோட்டு உள் அறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள். நான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வலது தோள் பழையபடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. உள்பாக்கெட்டில் அந்தச் சென்ட், முதல் வாசமெல்லாம் போய், இஸ்திரி போட்ட கம்பளி மட்டும் மிஞ்சி நின்றது. இடது தோளில் மூக்கை வைத்தேன். ஆழத்தில் இருந்து கொஞ்சமாக ஏலக்காய் வந்தது. கட்டைவிரலால் தடவினேன். என் ஒன்பது தையல் இருந்தது இருந்தபடி இருந்தது. நான் அவன் தையலை ஒன்று விடாமல் உருவியிருந்தும், இடது தோளை அவன் தொடவே இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.